சிவப்புக்கு ரெண்டு, மஞ்சளுக்கு நாலு

அப்பா,

இன்று மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து, ஒரு வாய்கூட எடுக்காமல் திரும்ப மூடினேன். உள்ளே எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும். நல்ல பசி. ஆனால் எதிரே கறுப்புத் திரையில் ஒரு மெயில் வந்து நின்றது, மஞ்சள் எழுத்தில். மஞ்சள் வந்தால் அதற்குப் பதில் போடாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். நீங்கள் இல்லாத இந்த உலகத்தில், மாதாப்பூரில், கண்ணாடி மாட்டிய ஒரு கட்டிடத்தின் ஆறாவது மாடியில், அந்தச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

டப்பாவை மூடிவிட்டு அந்த மஞ்சளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சைச் சாதத்தின் மஞ்சள் இல்லை. அதைவிட ஒரு பங்கு அழுத்தமான மஞ்சள். அதைத் தேர்ந்தெடுக்க நீங்கள் என்னை என்ன பாடு படுத்தினீர்கள் என்பது எனக்குத்தான் தெரியும்.

அந்தக் கம்ப்யூட்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு குஷாய்குடா வீட்டுக்குக் கொண்டுவந்தேனே, அப்போது நீங்கள் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியிலிருந்து ரிடையர் ஆகி, ஓய்வு பெற்றோர் சங்கத்துக்குச் செக்ரட்டரியாகி இருந்தீர்கள். தலைமை அலுவலகத்துக்காரர்கள் இனிமேல் எல்லாவற்றையும் மெயிலில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆபீஸில் பழைய மெஷின்களைக் கழித்துக் கட்டியபோது ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் அதற்கு இடம் கிடைத்தது. மவுஸைத் தொட்டுப் பார்த்த அரை மணி நேரத்தில் தீர்ப்புச் சொன்னீர்கள்.

"இந்தச் சவத்தப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருக்க என்னால ஆகாதுட்டி. கீபோர்டு மட்டும் போதும்."

சரி என்று, நாங்கள் ஆபீஸில் வைத்திருந்த அதே மெயிலை உங்களுக்கும் வைத்துக் கொடுத்தேன். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. யார் அனுப்பினார்கள், என்ன விஷயம் என்று வரிவரியாகப் பட்டியல். இடது ஓரத்தில் ஒரு சின்ன அம்பு. டெலிபோன் கம்பியில் ஊர்ந்து வரும் நம் வீட்டு இணையத்துக்கும் அதுதான் தாங்கும். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தீர்கள். "நம்ம டெஸ்ட் ரூம் ஸ்க்ரீன் மாதிரில்லா இருக்கு" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து ஒரு பொருளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வந்ததில்லை.

ஒரு மாதத்தில் உங்களுக்கு ஒரு குறை வந்தது. எல்லா மெயிலும் ஒரே வெள்ளையாக இருக்கிறது. டீ பார்ட்டிக்கு யார் வருகிறார்கள் என்று கேட்பவனும் வெள்ளை, உயிர் போகிற விஷயத்துக்கு எழுதுகிறவளும் வெள்ளை. "செத்துப்போன மெம்பரோட வீட்டுக்காரங்க எழுதினா அது தனியாத் தெரியணும். மத்தவன் பதில் வரலன்னா வீட்டுக்கே வந்து கத்துவான். அவங்க வரமாட்டாங்க." இதைச் சொல்லித்தான் கலர் போடுவது எப்படி என்று போனில் கேட்டீர்கள். நான் மீட்டிங் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எந்த ஃபைலில் எந்த வரி எழுத வேண்டும் என்று சொன்னேன். பட்டியலிலும், திறந்தால் உள்ளேயும், அதே வண்ணம் வருவதற்கு வழி சொன்னேன். "ஒவ்வொரு கலருக்கும் ஒரு நம்பர் இருக்குப்பா. சைபர் கறுப்பு. அதுக்கப்புறம் வரிசையா..." என்று ஆரம்பித்தேன்.

"வரிசைதான? அது எனக்குத் தெரியும். நீ மீட்டிங்குக்குப் போ."

போனை வைத்தது நீங்கள். என் பக்கம் தப்பு ஒன்றும் இல்லை என்பதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

அதன் பிறகு சில வாரங்கள் உங்களிடமிருந்து மெயில் வரவில்லை. அம்மா அக்காவின் பிரசவத்துக்காகப் புனேவுக்குப் போயிருந்தாள். நீங்கள் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, சங்க வேலையும் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள், நேரமில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை போனில், மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற குரலில் சொன்னீர்கள். "ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு ராவ்காரு வாராரு. பீரோ சாவிய அவருட்டக் குடுத்துரலாம்னு இருக்கேன்."

சங்கத்தின் பீரோ சாவி, அதாவது செக்ரட்டரி பதவியே. அதுவும் ராவ்காருவிடம். உங்களுக்கு இணைச் செயலாளர், கணக்குப் பிரிவில் ரிடையர் ஆனவர். டீ கொடுத்துவிட்டுக் கூட்டம் ஆரம்பிப்பதா, கூட்டம் முடித்துவிட்டு டீயா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் உங்களோடு சண்டை போட்ட மனிதர். மீசையை எடுத்துவிட்டேன் என்று நீங்கள் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆச்சரியமாக இருந்திருக்காது. ஏன் என்றேன். "வயசாகுதுல்லா. வேற என்ன" என்றீர்கள். உங்களுக்கு வயதாகும் என்பதை அதுவரை நீங்கள் ஒப்புக்கொண்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, செகந்திராபாத்தில் இன்னொரு பஸ் மாறி, உச்சி வெயிலில் வந்து சேர்ந்தேன். கதவு திறந்து கிடந்தது. கம்ப்யூட்டர் மேல் அம்மாவின் பழைய துண்டு ஒன்று போர்த்தியிருந்தது. நீங்கள் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, மடியில் செய்தித்தாளை விரித்து, பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்திருந்தீர்கள். உள்ளே ரெசிஸ்டர்கள். சீரக மிட்டாய் அளவு, இரண்டு பக்கமும் கம்பி முளைத்து, உடம்பெல்லாம் வண்ண வளையம். வளையத்தின் வண்ணத்தைப் பார்த்தால் மதிப்பைச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு வண்ணமும் ஒரு எண். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "பழுப்பு, கறுப்பு, சிவப்பு, ஆயிரம்" என்று சொல்லி மீட்டரில் வைத்துப் பார்த்தீர்கள். ஆயிரம் காட்டியது. அடுத்தது. "மஞ்சள், வயலெட், சிவப்பு, நாலாயிரத்து எழுநூறு." அதுவும் சரி. ஒரு வேலையும் இல்லாதவர் பொழுதுபோக்குக்குச் செய்கிறதாக அது தெரியவில்லை.

"என்னப்பா பண்ணுறீங்க?"

"ஒண்ணுமில்ல. பாத்துக்கிட்டு இருக்கேன்."

"எதுக்கு?"

ஒரு ரெசிஸ்டரை எடுத்து டின்னுக்குள் திரும்பப் போட்டீர்கள். "கண்ணு போயிட்டு இருக்குட்டி. சுகர் வேலையக் காட்டுது."

சுகர் இருக்கிறது, கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். ஆனால் அதற்குமேல் நீங்கள் சொன்னது முழுக்க உங்கள் கண்டுபிடிப்பு. பொருள்மேல் பூசியிருக்கும் வண்ணம் சரியாகத் தெரிகிறதாம். தானாக வெளிச்சம் விடுகிற வண்ணம்தான் தெரியவில்லையாம். தலைமை அலுவலக மெயிலுக்குச் சிவப்புப் போட்டால் பச்சையாகத் தெரிகிறது. வீட்டுக்காரங்க மெயிலுக்கு மஞ்சள் போட்டால் எழுத்தே தெரியவில்லை, இருட்டில் ஏதோ நெளிகிறது. முதலில் சிவப்பு பச்சை, அப்புறம் மஞ்சள், அப்புறம் எல்லாம். வரிசைப்படுத்தி வைத்திருந்தீர்கள்.

"மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும்ப்பா."

"நான் எழுதிக் குடுத்தத அது காட்டுது. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. டிராயிங்குல சிவப்புன்னு இருந்து, எங்கண்ணுக்குப் பச்சைன்னு தெரிஞ்சா தப்பு யாரு மேல?"

இன்ஸ்பெக்ஷனில் முப்பது வருஷம் இருந்தவரிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா. ஃபேக்டரியில் வருஷா வருஷம் உங்களுக்கெல்லாம் ஒரு பரீட்சை வைப்பார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். உங்களோடு சேர்ந்து வேலைக்கு வந்த ஒருவர் ஒரு வருஷம் அதைப் படிக்க முடியாமல் திணறினார். மறுநாளே அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் உங்கள் பிரிவுப் பக்கம் டீ குடிக்கக்கூட வரவில்லை என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அன்றைக்கு அந்த ஜன்னலோரத்தில் நீங்கள் உங்களை நீங்களே ஸ்டோருக்கு மாற்றிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. துண்டை உருவிப் போட்டுவிட்டு மெஷினைப் போட்டேன்.

பட்டியல் வந்தது. பாதி வரிகள் வெள்ளை. நடுவில் ஒரு வரி பளிச்சென்று பச்சை. அங்கங்கே காலியாக விட்ட மாதிரி சில வரிகள். உற்றுப் பார்த்தால் கறுப்பின்மேல் கருநீலத்தில் எழுத்து இருந்தது. உங்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தேன்.

"இது என்ன கலர்?"

"சிவப்புப் போட்டிருக்கேன். பச்சையாத் தெரியுது."

"எனக்கும் பச்சையாத்தான்ப்பா தெரியுது."

அந்த நிமிஷம் உங்கள் முகத்தில் வந்தது நிம்மதி இல்லை. அதை நான் மறக்கவே மாட்டேன். என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, என் கண்ணை இரண்டு விரலால் விரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்.

"ஒனக்குமா வந்துட்டு?"

உங்கள் கண் போனதை நீங்கள் மழைச் செய்தி மாதிரி சொன்னீர்கள். என் கண் என்றதும், பிடித்த முகவாயை விடவே இல்லை. நான் உங்கள் விரலை விலக்கிவிட்டு, கலர் எழுதி வைத்த ஃபைலைத் திறந்தேன். தலைமை அலுவலகம், இரண்டு. வீட்டுக்காரங்க, நாலு.

"அப்பா, சிவப்புக்கு ஏன் ரெண்டுன்னு போட்டீங்க?"

"சிவப்பு ரெண்டு இல்லாம பின்ன எத்தன?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் மடியிலிருந்து விழுந்த ரெசிஸ்டர் ஒன்று தரையில் உருண்டு கிடந்தது, அதைப் பார்த்ததும் எல்லாம் விளங்கியது. கறுப்பு சைபர், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று, மஞ்சள் நாலு. எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு அதுதான் வரிசை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதுதான். கம்ப்யூட்டர் திரைக்கு வேறு வரிசை. அதிலும் கறுப்பு சைபர்தான், அங்கேதான் நீங்கள் ஏமாந்தீர்கள். அதற்கப்புறம் சிவப்பு ஒன்று, பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று, நீலம் நாலு. நீங்கள் மஞ்சள் என்று நினைத்து எழுதிய நாலு, கறுப்புத் திரையில் பருந்துக் கண்ணுக்கும் தெரியாத நீலம். நான் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"எவன்ட்டி இத மாத்தினவன்?" என்று கேட்டீர்கள், அவன் அடுத்த தெருவில் இருப்பவன் மாதிரி.

"யாரும் மாத்தலப்பா. அவங்களுக்கு அதான் வரிசை."

"ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கும்போது இன்னொண்ணு கைக்கு?"

எதற்கு என்பதற்கு இந்த ஊர் உருதுவில் கைக்கு; கோபம் வந்தால் உங்கள் வாயில் அதுதான் வரும். அப்போதைக்கு நாலை அடித்து மூன்று ஆக்கினேன். காலி என்று நினைத்த வரிகளெல்லாம் ஒரே சமயத்தில் மஞ்சளாக எழுந்து நின்றன. அத்தனையும் ஒரே வீட்டிலிருந்து. நம் பின்வரிசை வீட்டுச் சாந்தம்மாவின் மகன், பட்டான்செருவில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன், எழுதியது. அவன் அப்பா இறந்து மாதங்கள் ஆகியும் மருத்துவ அட்டை இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. அம்மாவின் மூட்டு ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்துவிட்டார்கள். அட்டை மாறாவிட்டால் தள்ளிப் போட்டுவிடுவார்கள். கடைசி மெயிலில், அம்மா உங்களை நேரில் வந்து கேட்கக் கூச்சப்படுகிறாள் சார், என்று இருந்தது.

நீங்கள் அதைச் சத்தமாகப் படித்தீர்கள். நான் தட்டில் சோறு போட்டு வைத்திருந்தேன், ரசம்கூட ஊற்றிவிட்டேன். தட்டை ஒதுக்கிவிட்டு நின்றுகொண்டே தட்டச்ச ஆரம்பித்தீர்கள். தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, சாந்தம்மா மகனுக்கு ஒன்று. முடித்த பிறகுதான் உட்கார்ந்தீர்கள். ஆறிப்போன ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே சட்டம் போட்டீர்கள். "இனிமே மஞ்சள் வந்தா, அதுக்குப் பதில் போடாம சோத்துல கை வைக்கக் கூடாது. யாரா இருந்தாலும்." வீட்டில் இருந்தது நீங்களும் நானும்தான்.

நாலு மணிக்கு ராவ்காரு சலவைச் சட்டையில் வந்தார், கையில் ஒரு பையோடு. பீரோ சாவிக்குப் பை எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. "ரம்மன்னாரு கதண்டி" என்றார், நீங்கள்தானே வரச் சொன்னீர்கள் என்று. நீங்கள் வாயெல்லாம் பல்லாக அவருக்கு நாற்காலியைத் தள்ளினீர்கள்.

"ஹவ், ரம்மன்னானு. கூர்ச்சோண்டி, சாய் தாகண்டி. சாவி மட்டும் நக்கோ."

ஆமாம், வரச் சொன்னேன், உட்காருங்கள், டீ குடியுங்கள், சாவி மட்டும் வேண்டாம் என்று. பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னீர்கள். நீங்களாக இருக்கக் கொண்டு சொன்னீர்கள். வேறு ஒருவராக இருந்தால் மூடி மறைத்திருப்பார். கணக்குப் பிரிவுக்காரருக்கு ரெசிஸ்டரும் புரியவில்லை, திரையும் புரியவில்லை. ஆனாலும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். உங்கள் கண் நன்றாக இருப்பதில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, டீயை முதலில் கொடுத்தால்தான் மனிதன் பேசுவான் என்று பழைய சண்டையை ஆரம்பித்தார்.

அவர் போன பிறகு உங்கள் அடுத்த கோரிக்கை வந்தது. மஞ்சளுக்கு மூன்று என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தது வேலை என்றேன். முடியாது என்றீர்கள். "முப்பது வருசம் மஞ்சள நாலுன்னு சொன்னவன் நான். இப்ப போயி மாத்திச் சொல்லமாட்டேன். மெஷின மாத்து." மெஷினை மாற்ற முடியும் என்பதுதான் வேடிக்கை. இரண்டு என்று கேட்டால் சிவப்பைக் காட்டு, நாலு என்று கேட்டால் மஞ்சளைக் காட்டு என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கலாம். சொல்லிக்கொடுத்தேன். அதோடு விட்டீர்களா. நான் வைத்த மஞ்சளைப் பார்த்து, "இது எலுமிச்சம்பழம்ட்டி" என்றீர்கள். ஒரு ரெசிஸ்டரைத் திரையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, வளையத்தின் மஞ்சளும் எழுத்தின் மஞ்சளும் ஒன்றாகும்வரை என்னை விடவில்லை. கடைசி பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்னால்தான் உங்களுக்குத் திருப்தி வந்தது.

சாந்தம்மா ஆபரேஷன் முடிந்து, கைத்தடியோடு நம் வாசல்வரை நடந்து வந்து உங்களுக்கு அரிசெலு, அவர்கள் வீட்டு அதிரசம், கொடுத்தார். சுகர் என்று சொல்லாமல் இரண்டு சாப்பிட்டீர்கள்.

போனில் உங்களுக்கு உதவும்போது இருவரும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும் என்று, உங்கள் வண்ண வரிசையை என் ஆபீஸ் மெஷினிலும் போட்டுக்கொண்டேன். அதன் பலனை இன்றும் அனுபவிக்கிறேன். உலகத்தில் எல்லா புரோகிராமும் சோதனையில் பாஸ் என்று காட்ட இரண்டாம் நம்பரைக் கேட்கும், பச்சை வரும் என்று நம்பி. என் திரையில் சிவப்பு வரும். ரிலீஸ் நாளில் மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, திரை முழுக்கச் சிவப்பைப் பார்த்து முகம் வெளுத்துப் போவார். எல்லாம் பாஸ் சார் என்பேன். பக்கத்து இருக்கைப் பெண், இந்த நகரத்தின் பழைய பகுதிக்காரி, "கைக்கு இப்படி வச்சிருக்கே, மாத்தேன்" என்று மெஷின் மாற்றும்போதெல்லாம் கேட்பாள். எங்கள் வீட்டில் சிவப்பு ரெண்டு என்று சொல்லி, பழைய ஃபைலைப் புதியதில் போட்டுவிடுவேன்.

எனக்கு என்ன கலர் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஒனக்கு எதுக்குட்டி கலர்? நீ எழுதினா எழுத்தே சொல்லும்" என்றீர்கள். அப்போது மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கடைசிவரை உங்கள் திரையில் நான் வெறும் வெள்ளை.

நெஞ்சில் ஏதோ பிடிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. கண் கடைசிவரை நன்றாக இருந்தது. பீரோ சாவியையும், சங்கத்துக்காகக் கம்ப்யூட்டரையும் ராவ்காருவிடம் நானே கொடுத்தேன். சாவியை வாங்கிக்கொண்டு போனார், இந்தமுறை பை கொண்டுவரவில்லை. பிறகு அம்மாவின் மருத்துவ அட்டைக்காகச் சங்கத்துக்கு ஒரு காலையில் மெயில் போட்டேன். மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது. பின்னாலேயே ராவ்காருவின் போன் வந்தது.

"அம்மா, உன் மெயில் எல்லோ கலர்ல வந்துச்சு. அதான் உடனே. நேனு இன்னும் சாப்பிடலேது."

எங்கள் பெயரை அந்த மஞ்சள் வரியில் சேர்த்தது அவர்தான். இனிமேல் நாங்களும் வீட்டுக்காரங்க. ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து, போவோர் வருவோர் பார்க்க, நான் நன்றாக அழுதேன். நீங்கள் இல்லை என்பது ஆஸ்பத்திரியில் புரியாமல், ராவ்காரு சாப்பிடாமல் இருந்ததில் எனக்குப் புரிந்தது. அன்று சாயங்காலம் என் மெஷினில் நாலாம் நம்பர் வரியில் அம்மாவின் முகவரியை எழுதினேன்.

அம்மா இப்போது புனேவில் அக்காவோடு இருக்கிறாள். பேரனிடம் கேட்டு மெயில் போடக் கற்றுக்கொண்டாள், ஆங்கில எழுத்தில் தமிழ். தினமும் மத்தியானம் ஒரே ஒரு வரி. இன்றைக்கு வந்த மஞ்சளும் அதுதான். "சாப்டியா?"

உங்கள் சட்டப்படி, பதில் போட்டுவிட்டுத்தான் சாப்பிட முடியும். அதனால் இத்தனை நாளில் ஒரு நாள்கூட அவளுக்கு ஆமாம் என்று நான் எழுதியதில்லை. எப்பப் பாத்தாலும் பட்டினி கிடக்கா, அந்த ஆபீஸ்ல சோறு திங்க விடமாட்டானுவளா என்று அக்காவிடம் புலம்புகிறாளாம். சட்டத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. அது நமக்குள் இருக்கட்டும்.

இல்லம்மா, இனிமேத்தான், என்று எழுதி அனுப்பினேன். மெயில் போய்விட்டது என்று திரையின் அடியில் சிவப்பில் ஒரு வரி வந்தது. பிறகு டப்பாவைத் திறந்தேன்.